சிவப்பு அட்டை குத்தியவரிடம் பேசாதீர்கள்!

1996-ம் ஆண்டு ஜூலை மாதம்.

அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தில், கானன்டைகுவா என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பக்கத்தில் உள்ள ஒரு முகாமில் சுமார் 60 பேர் கூடினார்கள்.

அது ஒரு மாநாடு. ஆனால் நமக்குப் பழக்கமான மாநாடு அல்ல.

வாசனைத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வராதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும் கேமராவால், கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கேட்காமல் யாரையும் தொடக் கூடாது. பேச்சு நடக்கும்போது நடுவில் எழுந்து போகலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடலாம். கையை உதறிக்கொண்டே கேட்கலாம். முகத்தைப் பார்க்காமல் பேசலாம்.

"இது என்ன கூத்து?" என்று கேட்கத் தோன்றும்.

கூத்து அல்ல. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் ஆட்டிசம் உள்ளவர்கள். மாநாட்டைக் கூட்டியவர்களும் அவர்கள்தான். டாக்டர்கள் கூட்டவில்லை, பெற்றோர்கள் கூட்டவில்லை. தங்களுக்கு எது சவுகரியமோ, அதன்படி ஒரு கூட்டத்தை அவர்களே அமைத்துக்கொண்டார்கள். அதற்கு "ஆட்ரீட்" என்று பெயர். 2013 வரை அது நடந்தது.

அந்தக் கூட்டத்தில் புழங்கிய ஒரு சின்ன அட்டையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த அட்டை நம் ஊருக்கும் வர வேண்டும் என்பது என் கருத்து. அட்டை வராவிட்டாலும், அதில் உள்ள புத்தியாவது வர வேண்டும்.

யார் இவர்கள்?

முதலில், ஆட்டிசம் என்றால் என்ன?

அது காய்ச்சல் போல வந்து போகும் நோய் அல்ல. பிறவியிலேயே மூளை வேறு விதமாக வேலை செய்வது. உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அது 2021-ம் ஆண்டுக் கணக்கு. உங்கள் தெருவில் 127 பேருக்கு மேல் இருப்பார்கள். யோசித்துப் பாருங்கள்.

ஆட்டிசம் உள்ள எல்லோரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். சிலருக்கு வாய்ப்பேச்சே வராது. சிலர் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் பலருக்கும் பொதுவாகச் சில சங்கதிகள் உண்டு.

நமக்கு மின்விசிறிச் சத்தம் காதில் விழும். சற்று நேரத்தில் மறந்துபோகும். மூளை அதை ஒதுக்கிவிடும். ஆட்டிசம் உள்ள பலருக்கு அது ஒதுங்காது. மின்விசிறிச் சத்தம், அடுத்த அறையில் பாத்திரம் விழும் சத்தம், எதிரில் இருப்பவர் பேசும் பேச்சு எல்லாம் ஒரே உரப்பில் உள்ளே வரும். குழல் விளக்கின் துடிப்பு கண்ணைக் குத்தும். சட்டைக் காலரில் தைத்த துணிச்சீட்டு முள்ளாக உறுத்தும்.

இந்த நிலையில் ஒருவர் வந்து, "என்ன தம்பி, சவுக்கியமா? எங்கே படிக்கிறே? என்ன மார்க்கு?" என்று மூன்று கேள்வி கேட்டால் என்ன ஆகும்? முதல் கேள்விக்குப் பதில் தயாராவதற்குள் மூன்றாவது கேள்வி வந்துவிடும். பையன் திரும்பிக்கொண்டு ஓடுவான். "மரியாதை தெரியாத பிள்ளை" என்று பெயர் வாங்குவான்.

வேறு சிலருக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பது மலையாக இருக்கும். புத்தி கூர்மையாக இருக்கும். அது டிஸ்லெக்சியா. வேறு சிலருக்கு ஓரிடத்தில் மனம் நிற்காது. கை கால் துறுதுறுவென்று இருக்கும். அதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள்.

இவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் வந்திருக்கிறது. மரத்தில் பல வகை இருப்பது போல, மூளையிலும் பல வகை உண்டு என்பது அதன் பொருள். 1990-களில் ஆட்டிசம் உள்ளவர்கள் கம்ப்யூட்டர் வழியாகக் கடிதம் எழுதிக்கொண்ட வட்டாரத்தில் அந்த எண்ணம் முளைத்தது. 1998-ல் ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்தில், ஜூடி சிங்கர் என்ற பெண்மணி தன் ஆராய்ச்சிக் கட்டுரையில் அதைப் பற்றி எழுதினார்.

மூன்று நிறம்

ஆட்ரீட் முகாமின் அட்டைக்கு வருவோம்.

பெயர் எழுதி மார்பில் குத்திக்கொள்ளும் அட்டை இருக்கிறதே, அது போன்றதுதான். ஆனால் அதில் நிறம் உண்டு.

சிவப்பு என்றால், "இப்போது என்னிடம் யாரும் பேச வேண்டாம்" என்று அர்த்தம்.

மஞ்சள் என்றால், "எனக்குத் தெரிந்தவர்கள், நான் சம்மதம் சொன்னவர்கள் மட்டும் பேசலாம், புதியவர்கள் வேண்டாம்" என்று அர்த்தம்.

பச்சை என்றால் என்ன? "எல்லோரும் பேசலாம்" என்றுதான் நினைப்பீர்கள். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. "எனக்குப் பேச ஆசை. ஆனால் பேச்சைத் தொடங்க எனக்கு வரவில்லை. நீங்கள் தொடங்குங்கள்" என்பதுதான் பச்சை.

இந்த முறையைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் சிவப்பைத்தான் வியக்கிறார்கள். எனக்கு என்னவோ பச்சைதான் பெரிது என்று படுகிறது.

ஏன் என்றால், ஒதுங்கி நிற்கும் ஆளைப் பார்த்தால் நாம் என்ன நினைக்கிறோம்? "அவருக்கு மனுஷாளே பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். திருமண வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, "தலைக்கனம்" என்கிறோம். அந்தப் பெண் ஒரு மணி நேரமாக, எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தத் தவிப்பு வெளியே தெரியாது. பச்சை அட்டை அதை வெளியே சொல்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. அட்டையின் நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். காலையில் பச்சை, மத்தியானம் களைப்பு வந்தால் சிவப்பு. "நீ யார்" என்று அட்டை சொல்வதில்லை. "இப்போது எப்படி இருக்கிறாய்" என்று மட்டும் சொல்கிறது. நோயாளி என்று முத்திரை குத்தும் அட்டை அல்ல அது.

1993-ல் ஒரு பேச்சு

இந்த மாநாட்டைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜிம் சின்க்ளேர். ஆட்டிசம் உள்ளவர். 1992-ல் இவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள்.

அதற்கு முன்பும் ஆட்டிசம் மாநாடுகள் நடந்தன. பெற்றோர்களும் டாக்டர்களும் நடத்தினார்கள். பெரிய மண்டபம், பெரிய கூட்டம், கண் கூசும் விளக்கு, ஒலிபெருக்கி. யாருக்காக மாநாடு நடக்கிறதோ, அவர்களால்தான் அந்த மண்டபத்தில் அரை மணி நேரம் உட்கார முடியாது. என்ன விசித்திரம் பாருங்கள்! காது கேளாதவர்களுக்கு வானொலியில் நிகழ்ச்சி வைத்தது போல.

1993-ல் கனடாவில் டொரன்டோ நகரில் உலக மாநாடு ஒன்று நடந்தது. அதில் ஜிம் சின்க்ளேர் பெற்றோர்களைப் பார்த்து ஒரு விஷயம் சொன்னார். நீங்கள் ஒரு குழந்தையை எதிர்பார்த்தீர்கள். அந்தக் குழந்தை வரவில்லை. அதற்காக நீங்கள் துக்கப்படுவது புரிகிறது. ஆனால் வந்திருக்கிற குழந்தை செத்துப்போகவில்லை. அது உங்கள் எதிரில் உயிரோடு நிற்கிறது. அதற்கு நீங்கள் வேண்டும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அந்த மண்டபத்தில் இருந்த தாய்மார்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! சுடும். ஆனால் சுட்ட பிறகு ஆறுதலும் தந்திருக்கும்.

அம்மா மீது பழி

ஏன் என்றால், அந்தத் தாய்மார்கள் பல காலம் வேறு ஒரு பேச்சைக் கேட்டு நொந்தவர்கள்.

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் என்ற பெயரில் இந்த நிலை உலகுக்குத் தெரிந்தது அதிலிருந்துதான். பிறவியில் வருவது என்று முதலில் எழுதிய அவரே, போகப் போக, பெற்றோரிடம் பாசம் குறைவு என்றும் எழுதினார். பிறகு சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் வந்தார். தாயின் மனதில் அன்பு இல்லாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று அடித்துச் சொன்னார். 1967-ல் அதைத் தடித்த புத்தகமாகவும் போட்டார்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுத தாயைப் பார்த்து, "உன் மனம் பனிக்கட்டி" என்றார்கள். அதை நம்பிப் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வந்த தாய்மாரும் உண்டு.

இதை எதிர்த்து எழுந்தவர் ஒரு தகப்பன். பெர்னார்டு ரிம்லாண்டு என்பது அவர் பெயர். கடற்படையில் மனோதத்துவ நிபுணராக வேலை பார்த்தவர். அவர் பிள்ளைக்கு ஆட்டிசம். நூலகம் நூலகமாகத் தேடிப் படித்தார். இது உடம்பு சம்பந்தப்பட்டது, தாயின் குற்றம் அல்ல என்று 1964-ல் புத்தகம் எழுதினார். 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டம் ஒன்றில், கானரே எழுந்து, பெற்றோர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தார்! 1977-ல் லண்டனில் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆராய்ச்சி, இது பிறவியில் வருவது என்று காட்டியது.

அமெரிக்காவில் முடிந்த வழக்கு நம் வீட்டில் முடிந்துவிட்டதா?

"செல்போனைக் கொடுத்து நீதான் கெடுத்தே" என்று மாமியார் மருமகளைப் பார்த்துச் சொல்வது உண்டா, இல்லையா? "வேலைக்குப் போற பொம்பளை வீட்டுப் பிள்ளை இப்படித்தான்" என்று பக்கத்து வீட்டில் பேசுவது உண்டா, இல்லையா? பேச்சு தாமதமாகும் பிள்ளையின் கையில் செல்போன் கொடுப்பது நல்லதல்ல. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செல்போன் கண்டுபிடிப்பதற்கு முன்பே கானர் 11 பிள்ளைகளைப் பார்த்துவிட்டார். இதை அந்த மாமியாருக்கு யாராவது சொன்னால் தேவலை.

காதில் சொல்லும் கதை

"சரி, இவர்களுக்குக் கலந்து பழகத் தெரியாது என்பது உண்மைதானே?" என்று கேட்கலாம்.

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2012-ல் இங்கிலாந்தில் டேமியன் மில்டன் என்ற அறிஞர் ஒரு கேள்வி போட்டார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே. நமக்கு அவர்களைப் புரிகிறதா? இரண்டு பக்கமும் புரியாமல் இருக்க, குற்றத்தை ஒரு பக்கம் மட்டும் சுமத்துவது என்ன நியாயம்?

நியாயமான கேள்வி. இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

நாம் சின்ன வயதில் ஒரு விளையாட்டு விளையாடியிருப்போம். வரிசையாக உட்கார்ந்து, முதல் ஆள் அடுத்தவர் காதில் ஒரு சேதி சொல்ல வேண்டும். அவர் அடுத்தவருக்கு. கடைசி ஆள் உரக்கச் சொன்னால், "மாமா வந்தார்" என்பது "மாமரம் வெந்தது" என்று ஆகியிருக்கும்!

ஸ்காட்லாந்தில் எடின்பரோ சர்வகலாசாலையில் இதே விளையாட்டை ஆராய்ச்சியாக நடத்தினார்கள். 72 பேர். எட்டு எட்டுப் பேராக ஒன்பது வரிசை. மூன்று வரிசையில் முழுக்க ஆட்டிசம் உள்ளவர்கள். மூன்று வரிசையில் முழுக்க மற்றவர்கள். மூன்று வரிசையில் கலந்து வைத்தார்கள். முதல் ஆளுக்கு ஒரு கதை சொல்லப்பட்டது.

2020-ல் முடிவு வெளிவந்தது. ஆட்டிசம் உள்ளவர்களின் வரிசையில், மற்றவர்களின் வரிசையைப் போலவே கதை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கலந்து வைத்த வரிசையில்தான் கதை அதிகம் சிதைந்தது!

2025-ல் இன்னும் பெரிய சோதனையின் முடிவு வந்தது. இந்த முறை 311 பேர். அதில் கலப்பு வரிசையும் மற்ற வரிசைகளுக்குச் சமமாகவே செய்தது. ஆகவே "கலந்தால் சிதையும்" என்று இனி அடித்துச் சொல்வதற்கில்லை. எனக்கு இதில் சந்தோஷம்தான். கலந்து வாழ முடியும் என்று அர்த்தம் ஆகிறதே! இரண்டு சோதனையிலும் மாறாமல் நின்றது ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் சேதி சொல்வதில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல.

கடையில் ஒரு மணி நேரம்

இங்கிலாந்தில் மாரிசன்ஸ் என்று ஒரு பெரிய கடை உண்டு. மளிகை, காய்கறி, ரொட்டி எல்லாம் விற்கும் கடை. 2018-ம் ஆண்டு ஜூலை மாதம் தன் 493 கடைகளிலும் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. சனிக்கிழமை காலை 9 மணி முதல் 10 மணி வரை அமைதி நேரம். விளக்கைக் குறைப்பார்கள். பாட்டை நிறுத்துவார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு இல்லை. தள்ளுவண்டிகளைக் கடகடவென்று இழுக்க மாட்டார்கள். பில் போடும் இயந்திரத்தின் "பீப்" சத்தத்தைக்கூடக் குறைப்பார்கள்.

இதற்குப் புதிய கட்டிடம் வேண்டியதில்லை. சுவிட்சை அணைக்கக் கை இருந்தால் போதும்.

லண்டன் பக்கத்தில் காட்விக் விமான நிலையம் இருக்கிறது. 2016-ல் அங்கே ஒரு பச்சை நாடா கொண்டுவந்தார்கள். அதில் மஞ்சள் சூரியகாந்திப் பூ. கழுத்தில் அதை மாட்டியிருந்தால், "எனக்கு வெளியே தெரியாத ஒரு சிரமம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக நடத்துங்கள்" என்று அர்த்தம். என்ன சிரமம் என்று ஊழியர் கேட்க மாட்டார். இந்தப் பூ இப்போது பல நாடுகளுக்குப் போய்விட்டது. பக்கத்தில் பெங்களூர் விமான நிலையத்திலும் வந்துவிட்டது.

ஆனால் விமானத்தில் போகிறவர்கள் எத்தனை பேர்? பஸ் நிலையத்துக்கும் ரேஷன் கடைக்கும் போகிறவர்கள் எத்தனை பேர்? பூ அங்கே வர வேண்டும்.

கை தட்டலாமா?

இதற்கெல்லாம் எதிர்ப்பு இல்லாமல் இல்லை.

2018-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் சர்வகலாசாலை மாணவர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கூட்டத்தில் கை தட்ட வேண்டாம்; காது கேளாதவர்கள் செய்வது போல, இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினால் போதும் என்றது. கை தட்டும் ஓசை சிலரைத் திடுக்கிட வைக்கிறது என்பது காரணம்.

பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. "கை தட்டக்கூடப் பயப்படும் பிள்ளைகளா?" என்று சிரித்தார்கள். இந்தச் சிரிப்பை நான் மதிக்கவில்லை. ஆனால் இன்னொரு ஆட்சேபம் வந்தது. அதை மதிக்கிறேன். கண் தெரியாதவருக்குக் கையை ஆட்டுவது எப்படித் தெரியும்? தான் பேசிய பேச்சு சபைக்குப் பிடித்ததா, இல்லையா என்று அவர் எப்படி அறிவார்?

சரியான கேள்வி. ஒருவருக்கு வசதி, இன்னொருவருக்கு இடைஞ்சல். ஆட்டிசம் உள்ளவர்களுக்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு. ஒருவர் மனம் அமைதியாவதற்கு "உம்... உம்..." என்று முனகுவார். பக்கத்தில் இருப்பவருக்கு அந்த முனகல்தான் தாங்காது. இரண்டு பேரும் நல்லவர்கள். யாரை வெளியே அனுப்புவது?

யாரையும் அனுப்ப வேண்டாம். இரண்டு அறை வையுங்கள். அறை இல்லை என்றால் இரண்டு நேரம் வையுங்கள். மாரிசன்ஸ் கடை நாள் முழுவதையும் அமைதி ஆக்கவில்லை. ஒரு மணி நேரத்தைத்தான் ஒதுக்கியது. எல்லோருக்கும் ஒரே விதி போட்டு எல்லோரையும் திருப்தி செய்ய முடியாது. யார் வந்திருக்கிறார்களோ, அவர்களைக் கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். தீர்மானம் போடுவது சுலபம், கேட்பதுதான் கஷ்டம்.

எழுத்தும் ஒரு வாசல்

ஆட்டிசம் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தது கூட்டத்தில் அல்ல, எழுத்தில். முதலில் ஒரு சின்னச் செய்தி மடல் நடத்தினார்கள். 1994 முதல் கம்ப்யூட்டர் வழியாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். எழுத்தில் முகம் பார்க்க வேண்டியதில்லை. பதில் சொல்ல அவகாசம் உண்டு. நேரில் திக்கிய பலர் எழுத்தில் வெளுத்து வாங்கினார்கள்!

ஆகவே, வாயால்தான் சொல்ல வேண்டும் என்று எந்த இடத்திலும் கட்டாயம் இருக்கக் கூடாது. வங்கியில், ஆஸ்பத்திரியில், ஊர்க் கூட்டத்தில், "எழுதிக் கொடுத்தாலும் சரி" என்று ஒரு பலகை வைக்கலாம்.

ஆனால் டிஸ்லெக்சியா உள்ளவருக்கு எழுத்து வாசல் அல்ல, சுவர். அவருக்கு வாயால் சொல்ல இடம் வேண்டும். எழுதியே ஆக வேண்டும் என்றால், எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளியோடு, சின்ன வாக்கியமாக இருக்க வேண்டும்.

நம் அரசாங்க மனுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். "மேற்கண்ட இனங்களில் பொருந்தாதவற்றை அடித்துவிடவும்" என்று இருக்கும். பட்டதாரியே இரண்டு தரம் படிக்க வேண்டும்! டிஸ்லெக்சியா உள்ளவருக்காக அதை எளிமையாக்கினால் யாருக்கு லாபம்? முதியோர் பள்ளியில் நேற்று எழுத்துக் கற்ற பாட்டிக்கு லாபம். கண்ணாடியை வீட்டில் மறந்து வந்த தாத்தாவுக்கு லாபம்.

சட்டம் இருக்கிறது

நம் நாட்டில் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை மாற்றுத்திறன்தான் இருந்தது. புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம் அதில் உண்டு. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் உண்டு. ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. அது ஒரு குறைதான்.

தமிழ்நாட்டில் 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்புப் பொதுத்தேர்வில், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள். சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், தேர்வு வருஷத்தின் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். கடைசி மாதத்தில் ஓடாதீர்கள். டாக்டர் சான்று வாங்கவே நாளாகும்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்புச் சொன்னது. மாற்றுத்திறனாளிகள் பொது இடங்களுக்கு வந்து போக வசதி செய்வதை வெறும் சிபாரிசாக வைத்திருக்கக் கூடாது. கட்டாய விதியாக்க வேண்டும் என்றது.

நல்லது. ஆனால் நம் ஊரில் வசதி என்றால் சாய்தளம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அவசியம். அதோடு, காதுக்கும் கண்ணுக்கும் மனதுக்கும் ஒரு சாய்தளம் வேண்டும் என்பதை யாரும் நினைப்பதில்லை. அது கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டு அல்லவா?

நம் வீட்டுக் கல்யாணம்

கல்யாண வீட்டையே எடுத்துக்கொள்வோம். சட்டம் அங்கே வராது.

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் பத்திரிகை வந்ததும் என்ன செய்கிறாள்? கணவனை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொள்கிறாள். முதல் கல்யாணத்துக்குப் போகவில்லை, இரண்டாவதுக்கும் போகவில்லை. நாலாவது கல்யாணத்துக்கு, "அவள் எங்கே வரப் போகிறாள்?" என்று பத்திரிகையே வைக்க மாட்டார்கள். சொந்த ஜனத்தின் நடுவிலேயே அவள் தனி மரமாகிறாள். பிள்ளையும் அப்படியே. இதுதான் எனக்குப் பெரிய துயரமாகத் தெரிகிறது. ஆட்டிசம் அந்தக் குடும்பத்தைத் தனிமைப்படுத்தவில்லை. ஒலிபெருக்கிதான் தனிமைப்படுத்துகிறது. நம் வாய்தான் தனிமைப்படுத்துகிறது.

"அத்தையைத் தெரியலையா கண்ணா?" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். "எங்கே, ஒரு பாட்டுப் பாடு" என்பார்கள். பையன் காதைப் பொத்திக்கொண்டால், "பயமா? ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா?" என்பார்கள். போதாததற்கு ஒருவர் வந்து, மந்திரிக்கிற இடம் ஒன்று சொல்வார்.

மண்டபத்தில் மணமகள் அறை உண்டு, மணமகன் அறை உண்டு, செருப்பு விடக்கூட ஓர் இடம் உண்டு. மாடியில் ஒரு சின்ன அறையைப் பூட்டித் திறவுகோலை ஒரு பெரியவரிடம் கொடுத்து வைத்தால் போதும். மேளம் முழங்கும்போது பிள்ளை அங்கே இருக்கட்டும். கெட்டிமேளம் முடிந்ததும் வரட்டும். பால் கொடுக்கும் தாய்மாருக்கும், ரத்தக் கொதிப்புள்ள தாத்தாவுக்கும் அந்த அறை உதவும்.

முன்கூட்டிச் சொல்வதும் பெரிய உதவி. என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று தெரிந்தால் இந்தப் பிள்ளைகளுக்குப் பாதி பயம் போய்விடும். "9 மணிக்கு மேளம், 10 மணிக்குத் தாலி, அப்புறம் சாப்பாடு, அப்புறம் வீடு" என்று ஒரு தாளில் படம் போட்டுக் கையில் கொடுத்தால், பையன் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவான்.

பேச நினைக்கிறீர்களா? தாராளமாகப் பேசுங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வராவிட்டாலும் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். அவன் ரயில் பெட்டியின் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தால், நீங்களும் ஒரு ரயிலின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

கல்யாணப் பத்திரிகையில் எத்தனையோ அச்சடிக்கிறோம். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று போட்டு, அதன் கீழே தாத்தா பெயர், பாட்டன் பெயர், அவர்கள் வகித்த பதவி எல்லாம் போடுகிறோம். "மண்டபத்தின் மாடியில் சத்தம் இல்லாத அறை ஒன்று உண்டு. குழந்தைகளை அழைத்து வாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அச்சகக்காரர் அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்.